வணிகக் கட்டடச் சுத்தம்: ஃபிரான்சைஸ் எடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கீழ்வானம் – இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகம், கிளினிக், ஷோரூம் மாதிரியான கட்டடங்களை மாதக் காண்ட்ராக்ட்டில் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில். அதில் பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் ஃபிரான்சைஸ், அதாவது அவர்கள் பெயரில் தொழில் நடத்தும் உரிமை, எடுக்கலாமா என்று பார்க்கிறேன். அவர்களுடைய ஆட்களோடு பேசியும் ஆயிற்று.

அவர்கள் சொல்வது இது. நுழைவுக் கட்டணம் கட்டினால் பயிற்சி, ஆரம்ப மெஷின், கெமிக்கல், யூனிஃபார்ம் எல்லாம் வரும். அதைவிட முக்கியமாக, மாதம் இவ்வளவு பில் என்று ஒரு அளவு சொல்லி, அந்த அளவுக்கு வாடிக்கையாளர்களை அவர்களே பிடித்துக் கொடுப்பார்களாம். கட்டணத்தில் ஒரு பகுதியை இப்போது கட்டினால் போதும், மீதியைத் தவணையாக மாத பில்லிலேயே பிடித்துக்கொள்வார்கள். பில் போடுவதும் வசூலிப்பதும் அவர்கள் வேலை.

என்னிடம் மூலதனம் அதிகம் இல்லை. நாலு பேரைப் பார்த்துப் பேசி வேலை பிடிப்பது எனக்கு வராது. உடம்பு வணங்கி வேலை செய்யத் தயக்கம் இல்லை. வேலையெல்லாம் மாலைக்கு மேல்தான் என்பதால், இப்போதைய வேலையை விடாமல் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். மனைவியும் கூட வந்து செய்வதாகச் சொல்கிறார்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? உண்மையில் கையில் என்ன நிற்கும்? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மனம் திறந்து சொன்னால் நன்றாயிருக்கும்.

---

வேங்கை

வணக்கம் சகோ. நான் இதே தொழிலில் ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துகிறேன். இன்றும் தொடர்கிறேன். அதனால் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் “வாடிக்கையாளர்களை அவர்களே பிடித்துக் கொடுப்பார்கள்” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த வாடிக்கையாளர் யாருடையவர் என்று கேட்டீர்களா?

இந்தத் தொழிலில் பல கம்பெனிகள் மூன்று அடுக்காக இயங்குகின்றன. மேலே தாய்க் கம்பெனி. நடுவில், ஒரு வட்டாரம் முழுவதற்கும் உரிமை வாங்கிய மாஸ்டர் ஃபிரான்சைஸ். கீழே மாப்பும் வாக்யூமும் பிடிக்கிற நாம். கட்டடக்காரர் காண்ட்ராக்ட் போடுவது பெரும்பாலும் நடு அடுக்கோடுதான். நம்மோடு இல்லை. பில் அவர்கள் பெயரில் போகும், பணம் அவர்கள் கணக்கில் விழும், பிடித்தம் போக மீதி நமக்கு வரும். நாளைக்கே நீங்கள் விலகினால் அந்தக் கட்டடம் உங்களோடு வராது. விலகிய பிறகு இத்தனை காலம் அந்த வாடிக்கையாளர்களிடம் வேலை எடுக்கக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் இருக்கும்.

ஆகவே நீங்கள் விலைக்கு வாங்குவது வாடிக்கையாளர்களை அல்ல, அவர்களிடம் வேலை செய்யும் வாய்ப்பை. அந்த வாய்ப்புக்கு இந்த விலை தகுமா என்பதுதான் கேள்வி. எனக்குத் தகுந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் பலருக்குத் தகவில்லை.

அடுத்தது “மாதம் இவ்வளவு பில்” என்கிற உத்தரவாதம். அதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். “கொடுப்போம்” என்றா, “முன்வைப்போம்” என்றா? பெரும்பாலும் முன்வைப்பதுதான். அவர்கள் காட்டுகிற இடம் உங்கள் வீட்டிலிருந்து வெகுதூரமாக இருக்கலாம், விலை அடிமாட்டு விலையாக இருக்கலாம். நீங்கள் வேண்டாம் என்றாலும் அவர்கள் கணக்கில் அது கொடுத்ததாகவே பதிவாகும்.

---

குறிஞ்சி

வேங்கை சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலில் இல்லை. சிறு தொழில்காரர்களுக்கு ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. சுத்தம் செய்யும் ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்கள் நிறையவே என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

முதலில், நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மாறும். அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷனின் ஃபிரான்சைஸ் விதி இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாட்கள் முன்னதாக கம்பெனி தன் விவரங்களையெல்லாம் சொல்லும், 23 பிரிவுகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் அதேபோல 14 நாள். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஃபிரான்சைஸ் சட்டப்படி 10 நாள். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. அங்கே நீங்கள் கேட்டு வாங்காதது எதுவும் தானாக வராது.

தனிச் சட்டம் இல்லாத நாட்டில் இருந்தாலும், அந்த அமெரிக்க ஆவணத்தின் பிரிவுகளையே கேள்விப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன். கம்பெனி மேல் உள்ள வழக்குகள் 3ஆம் பிரிவில் வரும். நுழைவுக் கட்டணம் போக வேறென்ன கட்டணங்கள் என்பது 6இல். தொடங்க ஆகும் மொத்தச் செலவு 7இல். விலகல், புதுப்பித்தல் நிபந்தனைகள் 17இல். வருமானம் பற்றி ஏதாவது சொல்வதாயிருந்தால் அது 19இல் இருக்க வேண்டும். ஆவணத்தில் அந்தப் பிரிவு வெறுமையாக இருக்க, விற்பனை ஆள் மட்டும் வாய்மொழியாக மாதம் இவ்வளவு நிற்கும் என்று சொன்னால், அந்தப் பேச்சை நம்பி ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட நான் முதலில் புரட்டுவது 20ஆம் பிரிவு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், விலகியவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அங்கே இருக்கும். இப்போது நன்றாக ஓடுகிறவரை அறிமுகப்படுத்த கம்பெனியே முன்வரும். நீங்கள் தேடிப் பேச வேண்டியது போனவர்களிடம்.

தனிநபர் ஜாமீன் என்று ஒரு பத்தி இருக்கும். அதையும் பாருங்கள். உங்கள் பெயரில் ஒரு நிறுவனம் பதிவு செய்து அதன் வழியாகக் கையெழுத்துப் போட்டாலும், அந்தப் பத்தி இருந்தால் தவணை பாக்கி உங்கள் சொந்தச் சொத்துக்கே வரும். மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள்.

---

நீலக்கதவு

எனக்கு ஒன்று புரியவே மாட்டேன் என்கிறது. இந்தத் தொழிலுக்கு ஃபிரான்சைஸ் எதற்கு? நான் தனியாகத்தான் தொடங்கினேன். நல்ல வாக்யூம் ஒன்று, இரட்டை பக்கெட் மாப் வண்டி, மைக்ரோஃபைபர் துணிகள், நாலைந்து கெமிக்கல், நம் வேலையால் அடுத்தவருக்கு வரும் சேதத்தை ஏற்கும் ஒரு பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ். ஆரம்பிக்க இவ்வளவுதான் தேவைப்பட்டது. வாடிக்கையாளர் என்னோடு காண்ட்ராக்ட் போடுகிறார், பணம் என் கணக்குக்கு வருகிறது. நாளைக்குத் தொழிலை விற்க நினைத்தால் விற்பதற்கு என்னிடம் ஏதோ இருக்கிறது.

உடம்பு வணங்கி வேலை செய்யத் தயாராக இருப்பவர் எதற்காகக் கம்பெனிக்குப் பில்லில் பத்து, பதினைந்து சதவீதத்தை ஆயுளுக்கும் கொடுக்க வேண்டும்? வேலை பிடிக்கத் தெரியாது என்பதற்காகவா? அது பழகினால் வந்துவிடும் நண்பரே. சின்ன அலுவலகங்களுக்கு நேரில் போய், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, இடத்தை நடந்து பார்த்து, ஒரே பக்கத்தில் விலை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பத்துப் பேர் வேண்டாம் என்பார்கள். அதற்காக மனம் விடக் கூடாது.

---

வேங்கை

நீலக்கதவு சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பத்துப் பேர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பதினோராவது கதவைத் தட்டுகிற குணம் எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்க்கவில்லை. இன்னொன்று, பல கிளை வைத்திருக்கும் வங்கியோ மருத்துவக் குழுமமோ தனி ஆளிடம் வேலையைக் கொடுக்கத் தயங்கும். இன்ஷூரன்ஸ் அளவு, பின்னணிச் சரிபார்ப்பு, ஆள் வராவிட்டால் மாற்று ஏற்பாடு என்றெல்லாம் கேட்பார்கள். அந்தக் கதவு எனக்குக் கம்பெனியின் பெயரால்தான் திறந்தது. வாடிக்கையாளர் பணம் தரத் தாமதித்தாலும் எனக்கு மாதா மாதம் முன்பணமாக வந்துவிடுகிறது. அப்படிக் கொடுத்ததை, வாடிக்கையாளர் தராமலே போனால் திருப்பிப் பிடிப்பார்களா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் பிடிக்கும்.

கீழ்வானம், உங்களுக்குக் காட்டுவதாகச் சொன்ன இடங்களின் விவரம் ஏதாவது கொடுத்தார்களா? பரப்பளவு, வாரத்துக்கு எத்தனை நாள், டாய்லெட் எத்தனை? அதைச் சொன்னால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

---

கீழ்வானம்

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதிரி இடம் என்று சொன்னார்கள்: 10,000 சதுர அடி அலுவலகம், வாரத்துக்கு ஐந்து இரவு. மாத பில் தொகையும் சொன்னார்கள். டாய்லெட் எண்ணிக்கை சொல்லவில்லை. “இரண்டு பேர் போனால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்றார்கள்.

---

வேங்கை

“சீக்கிரம்” என்பதை வைத்து விலை போட முடியாது. மணி நேரமாக மாற்றுங்கள். தொகை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் மாத பில்லை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். பிடித்தங்கள் என் உதாரணம்தான். உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நாட்கள். வாரம் ஐந்து இரவு என்றால் மாதம் 20 இரவு என்றுதான் எல்லோரும் மனக்கணக்குப் போடுவார்கள். வருடத்துக்கு 52 வாரம், ஐந்தால் பெருக்கினால் 260, பன்னிரண்டால் வகுத்தால் 21.67. இங்கேயே மாதத்துக்கு ஒன்றரை இரவுக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது.

அடுத்து வேகம். தடுப்புகள் குறைந்த, கார்பெட் போட்ட, டாய்லெட் குறைவான அலுவலகத்தில் ஒரு ஆள் மணிக்கு 3,000 சதுர அடி செய்யலாம். 10,000 சதுர அடிக்கு மூன்று மணி இருபது நிமிடம். மாதத்துக்கு 72 மணி நேரம். அதே பரப்பில் டாய்லெட் அதிகமாக, சாப்பாட்டு அறையும் கண்ணாடித் தடுப்புகளுமாக இருந்தால் மணிக்கு 2,000தான் போகும். இரவுக்கு ஐந்து மணி நேரம், மாதத்துக்கு 108. பரப்பளவு ஒன்று, பில் ஒன்று. வேலை மட்டும் ஒன்றரை மடங்கு.

இப்போது பிடித்தம். கம்பெனியின் பெயரைப் பயன்படுத்துவதற்கான ராயல்டி 10, பில்லிங் நிர்வாகம் 4, கம்பெனி வழி இன்ஷூரன்ஸ் 5, நுழைவுக் கட்டணத் தவணை 11. கையில் வருவது 70. கெமிக்கல், துணி, குப்பைப் பை 5. பெட்ரோல் 5. மீதி 60.

72 மணி நேர வேலைக்கு ஆள் வைத்தால், சட்டப்படி கட்ட வேண்டியதையும் சேர்த்துக் கூலி 50 பங்கு என்று வையுங்கள். உங்களுக்கு 10 நிற்கும். அதே கூலி விகிதத்தில் 108 மணி நேரம் என்றால் கூலி 75. அதாவது 15 பங்கைக் கையிலிருந்து போட்டு வேலை செய்கிறீர்கள். இதற்கு மேல், மேற்பார்வை பார்க்கப் போகும் நேரம், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓட்டும் நேரம், ஆள் வராத அன்று நீங்களே போகும் நேரம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

நீங்களும் மனைவியுமே செய்தால் அந்தக் கூலி வீட்டிலேயே நிற்கும். தொடக்கத்தில் அதுதான் சரியும்கூட. ஆனால் மீதியுள்ள 60 பங்கை 108ஆல் வகுத்து, மணிக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். அங்கே வேலைக்கு நிற்கும் ஒரு ஆளின் மணிக்கூலியைவிடக் குறைவாக வந்தால், நுழைவுக் கட்டணமும் கட்டிவிட்டுக் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம். தவணை தீர்ந்த பிறகு நிலைமை சீராகும் என்பார்கள். தீரும்வரை அந்த இடம் உங்களிடம் இருக்க வேண்டுமே.

சர்வதேசச் சுத்தத் தொழில் சங்கமான ஐஎஸ்எஸ்ஏ, வேலை வாரியாக நேரங்களைக் கொடுக்கும் ஒரு கையேடு வெளியிடுகிறது. ஒரு டாய்லெட் பீங்கானுக்கு எவ்வளவு, ஒரு வாஷ்பேசினுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு இடத்தை நீங்களே நடந்து எண்ணிவிட்டு, பிறகு சரி சொல்லுங்கள். விற்பனைக்காரர் அளந்த பரப்பை மட்டும் நம்பி எந்த இடத்தையும் எடுக்காதீர்கள்.

---

பாலைவழி

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கட்டட நிர்வாகம் என் பொறுப்பு. சுத்தம் செய்யும் கம்பெனிகளை அமர்த்துவதும் நீக்குவதும் நான்தான்.

ஒரு மாத முன்னறிவிப்பில் நீக்கலாம் என்பது எங்கள் எல்லாக் காண்ட்ராக்டிலும் உண்டு. அதனால் வருட ஒப்பந்தம் என்று உங்களிடம் காட்டினாலும் அது மாத ஒப்பந்தம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆளை மாற்றுவது அழுக்குக்காக மட்டும் இல்லை. ஒருநாள் குப்பைத் தொட்டி எடுக்காமல் விட்டுப்போனால் யாரும் காண்ட்ராக்டை நிறுத்த மாட்டார்கள். அதைச் சொன்ன பிறகு பதில் வராவிட்டால்தான் கோபம் வரும். நான் கம்பெனி அலுவலகத்துக்குச் சொல்கிறேன், அவர்கள் நடு அடுக்குக்குச் சொல்கிறார்கள், அங்கிருந்து இரவு வேலை செய்கிறவருக்கு அது போய்ச் சேருவதற்குள் இன்னும் இரண்டு குறை சேர்ந்துவிடுகிறது. எங்கள் கட்டடத்தில் நீடித்து நிற்கிற ஒருவர் ஃபிரான்சைஸ்காரர்தான். அவர் வந்த முதல் வாரமே சரக்கு அறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். பகலில் நாங்கள் எழுதுவோம், இரவில் அவர் செய்து முடித்து அதன் கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அவரை மாற்றும்படி மேலிடத்திலிருந்து குறைந்த விலையோடு ஆள் வந்தபோது, அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டினேன்.

நான் எங்கே பார்ப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பு, குழாய் அடியில் படியும் உப்புக் கறை, டாய்லெட் பீங்கானுக்குப் பின்னால் சுவரும் தரையும் சேரும் இடம், லிஃப்ட் கதவின் கீழ்ப் பள்ளம். இந்த நாலும் சுத்தமாக இருந்தால் மற்றதைத் தேடிப் போக மாட்டேன்.

சாவி விஷயத்தில் மட்டும் மன்னிப்பு கிடையாது. சாவியில் கட்டடத்தின் பெயரை எழுதி வைக்காதீர்கள், எண் போட்டு வையுங்கள். அலாரம் எண்ணை வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். கதவைப் பூட்டாமல் போனது ஒருமுறை தெரிந்தாலே அந்தக் காண்ட்ராக்ட் முடிந்தது.

---

தென்றல்22

கீழ்வானம் தம்பி, உங்கள் மனைவியும் வருகிறார் என்றதால் எழுதுகிறேன். நான் துடைப்பம் பிடித்துத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன், இப்போது பல இடங்களுக்கு மேற்பார்வையாளர். கணக்கு, ஒப்பந்தம் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். அது தெரியாமல் போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். தூசி முதலில், ஈரம் பிறகு. டாய்லெட்டுக்குள் நுழைந்ததும் எல்லாப் பீங்கானிலும் கிருமிநாசினியை அடித்துவிட்டு, அது ஊறும் நேரத்தில் குப்பை எடுங்கள், கண்ணாடி துடையுங்கள், டிஷ்யூ நிரப்புங்கள். பாட்டிலின் லேபிளில் எத்தனை நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும் என்று போட்டிருக்கும். பலவற்றில் 10 நிமிடம். அடித்த உடனே துடைத்தால் பளபளக்கும், கிருமி சாகாது. அழுக்கு படிந்த இடத்தில் முதலில் கழுவிவிட்டுத்தான் கிருமிநாசினி அடிக்க வேண்டும். கிளினிக் எடுத்தால் இதில் விளையாடவே கூடாது.

மைக்ரோஃபைபர் துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்த முகம், எட்டும் முடிந்தால் துணியை மாற்ற வேண்டும். புது ஆட்கள் துணியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு அலுவலகம் முழுவதும் ஒரே அழுக்கைப் பூசிக்கொண்டு போவார்கள். டாய்லெட்டுக்குச் சிவப்புத் துணி, மேஜை நாற்காலிக்கு நீலம், சமையல், சாப்பாட்டு இடத்துக்குப் பச்சை என்று நிறம் பிரித்து வையுங்கள். படிக்கத் தெரியாத ஆளுக்கும் அது புரியும். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், அப்புறம் அது தூசியைப் பிடிக்காது.

கெமிக்கல் விஷயத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். ப்ளீச்சையும் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். காற்று வராத டாய்லெட்டில் அது ஆளையே சாய்த்துவிடும். ப்ளீச்சும் அமோனியாவும் சேர்ந்தாலும் ஆபத்துதான். ஒவ்வொரு கெமிக்கலுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கிறது, கேட்டு வாங்கி இடத்திலேயே வையுங்கள். மார்பிள் தரையில் அமிலம், வினிகர் எதுவும் படக் கூடாது. பட்ட இடம் மங்கிப்போகும், திரும்ப பாலிஷ் போட்டால்தான் சரியாகும். அமிலமும் காரமும் இல்லாத, பிஎச் 7க்குப் பக்கத்தில் இருக்கும் நடுநிலைக் கிளீனர்தான் அங்கே. தரை மங்கினால் பாலிஷ் செலவு உங்கள் தலையில்தான் விழும். உங்கள் இன்ஷூரன்ஸ் அதை ஏற்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். நாம் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளுக்கே வரும் சேதத்தைச் சில பாலிசிகள் ஏற்காது.

ஆள் வைக்கும் நிலைக்கு வந்தால், சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். உங்களுக்குக் கம்பெனி தரவில்லை என்பது அவர்கள் கவலை இல்லை. இரவு வேலை முடித்துப் பெண்கள் வீட்டுக்கு எப்படிப் போகிறார்கள் என்பது உங்கள் பொறுப்பு. இந்தத் தொழிலில் ஆள் நிற்பதில்லை என்று எல்லோரும் புலம்புகிறார்கள். நான் பார்த்த வரையில், மரியாதையாக நடத்துகிற இடத்தில் ஆள் நிற்கிறது.

---

கீழ்வானம்

தென்றல் அக்கா, வேங்கை அண்ணா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்ன பில் தொகைக்கு, மணிக்கு 3,000 என்றால் சமாளிக்கலாம், 2,000 என்றால் எங்கள் இருவர் உழைப்புக்கும் மணிக்கூலிகூடத் தேறவில்லை.

குறிஞ்சியிடம் ஒரு கேள்வி. இந்தத் தொழிலில் ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள், நாங்கள் முதலாளி இல்லை, தொழிலாளிதான் என்று வழக்குப் போட்டதாக எங்கேயோ படித்தேன். அது உண்மையா? உண்மையானால் இதற்குள் இறங்குவதே தவறா?

---

குறிஞ்சி

உண்மைதான். அமெரிக்காவில் இந்தத் தொழில்தான் அந்த விவாதத்தின் நடுவிலேயே இருக்கிறது. மாசசூசெட்ஸில் கவரால் என்ற கம்பெனி மீதான வழக்கில், ஃபிரான்சைஸ் எடுத்தவர்களைச் சுயதொழில்காரர்கள் என்று வகைப்படுத்தியது அந்த மாநிலச் சட்டப்படி செல்லாது என்று 2010இல் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2018இல் டைனமெக்ஸ் தீர்ப்பு வந்தது. அது கூரியர் டிரைவர்கள் பற்றியது. ஒருவர் தொழிலாளி இல்லை என்று சொல்ல, அமர்த்தியவர் மூன்று நிபந்தனைகளை நிரூபிக்க வேண்டும் என்று வைத்தது. அந்தத் தீர்ப்பு முந்தைய காலத்துக்கும் பொருந்தும் என்று 2021இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது, ஜான்-ப்ரோ என்ற சுத்தத் தொழில் ஃபிரான்சைஸ் வழக்கில்.

இதிலிருந்து இறங்கவே கூடாது என்ற முடிவுக்கு நான் வர மாட்டேன். இந்த வழக்குகள் எதைச் சுற்றி நடந்தன என்று பாருங்கள். விலையை யார் முடிவு செய்வது, வாடிக்கையாளர் யாருடையவர், ஃபிரான்சைஸ்காரர் செய்யும் தொழிலும் கம்பெனி செய்யும் தொழிலும் ஒன்றுதானா? வேங்கை உங்களிடம் முதலில் கேட்டதும் இதையேதான். உங்கள் ஒப்பந்தத்தில் இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் இருக்கிறதோ, அதை வைத்து நீங்கள் தொழில் வாங்குகிறீர்களா, வேலை வாங்குகிறீர்களா என்று தெரிந்துகொள்ளலாம். வேலைதான் என்றால் அதற்குத் தகுந்த விலையை மட்டும் கொடுங்கள்.

பேரம் பேச முடியாது என்பார்கள். நுழைவுக் கட்டணத்தில் முடியாமல் போகலாம். ஆனால் சில பத்திகளுக்கு, ஒப்பந்தத்தோடு சேர்த்து வைக்கும் இணைப்புக் கடிதம் கேட்கலாம். இவ்வளவு கிலோமீட்டருக்குள் உள்ள இடம் மட்டும்தான் உத்தரவாதக் கணக்கில் சேரும். என் தவறு இல்லாமல் வாடிக்கையாளர் போனால் இத்தனை நாளில் மாற்று இடம் தர வேண்டும். தரும்வரை தவணை நிற்கும். நானே பிடித்து வரும் வாடிக்கையாளருக்குக் கம்பெனி பிடித்துக் கொடுத்ததற்கான கட்டணம் கிடையாது. இவற்றில் ஒன்றுக்குக்கூட எழுத்தில் சரி சொல்ல மாட்டோம் என்றால், அந்த உத்தரவாதத்தின் எடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

---

நீலக்கதவு

அந்தக் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அப்படி எழுதிக் கொடுக்கிற கம்பெனி இருந்தால், வேலை பிடிக்கக் கூச்சப்படுகிறவருக்கு அது நல்ல தொடக்கம்தான். இல்லாவிட்டால் அந்த நுழைவுக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னதாக ஒரே ஒரு அலுவலகத்தோடு தனியாகத் தொடங்குங்கள். விலை எழுதுவதில் சந்தேகம் வந்தால் தனி மடல் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

---

கீழ்வானம்

நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இப்போதைக்குக் கையெழுத்துப் போடவில்லை. முதலில் ஒரு சுத்தக் கம்பெனியில் பகுதிநேர இரவு ஷிஃப்டுக்குச் சேரப் போகிறேன். மணிக்கு எத்தனை சதுர அடி போகிறது என்று என் கையாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். குறிஞ்சி சொன்ன நாலு பத்திகளையும் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். விலகிப் போனவர்களின் பட்டியலையும் கேட்டிருக்கிறேன். “அப்படி யாரும் கேட்பதில்லையே” என்றார்கள். அனுப்புவதாகவும் சொன்னார்கள். அந்த விலகியவர்களிடம் பேசும்போது என்ன கேட்பது?

---

வேங்கை

நல்ல முடிவு சகோ. எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று தொடங்காதீர்கள், சங்கடப்படுவார்கள். முதல் வருடத்தில் கொடுத்த இடங்களில் எத்தனை கைவிட்டுப் போயின, ஏன் போயின, மாற்று இடம் எவ்வளவு நாளில் வந்தது, அந்த இடைவெளியில் தவணையைப் பிடித்தார்களா என்று கேளுங்கள். பிறகு, உங்களிடமிருந்து போன இடத்தை அடுத்து யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரே கட்டடம் அடுத்தடுத்து மூன்று நான்கு பேர் கைமாறியதாகப் பல பேர் சொன்னால், அந்த விலைக்கு அங்கே யாராலும் வேலை செய்ய முடியவில்லை என்று பொருள். உங்களுக்கு முதலில் காட்டிய அந்த 10,000 சதுர அடி இடத்திலும் இதற்கு முன் யார் வேலை செய்தார் என்று கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள்.